வைத்த குடம் வைத்தபடி

நடுவர் அவர்களுக்கும் தண்டையார்பேட்டை மக்களுக்கும் வணக்கம். துருவப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஒரு நாடு சேர்வது அவசியமா, ஆடம்பரமா? அவசியம் என்கிற அணி நாங்கள்.

எதிரணித் தலைவர் ஒரு குண்டு போட்டுவிட்டுப் போனார். 'காசிமேட்டில் மீன் பெட்டிக்குப் போடுற ஐஸே பத்து மணிக்குள்ள தண்ணியாகுது. இவங்க அண்டார்டிகா ஐஸைக் காப்பாத்தப் போறாங்களாம்!' கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, காசிமேட்டு ஐஸ் உருகினால் நஷ்டம் பெட்டிக்காரருக்கு. அண்டார்டிகா நிலத்தின் மேல் கிடக்கிற ஐஸ் உருகினால் அந்தத் தண்ணீர் எங்கே வரும்? காசிமேட்டுக்குத்தான் வரும்! ஒப்பந்தம் போட்டால் உருகாதா என்று அடுத்துக் கேட்பார். அதற்குள் எனக்கு நேரம் முடிந்துவிடும், தப்பித்தேன்.

சரி, எங்கள் தெருத் தண்ணி லாரிக் கதையைக் கேளுங்கள். லாரி வருவது காலையில். குடம் ராத்திரியே வரிசையில் நிற்கும். குடம் இல்லாதவர் செங்கல் வைப்பார். எங்கள் அத்தை ஒருநாள் என்ன வைத்தாள் தெரியுமா? ஒத்தைச் செருப்பு! பக்கத்து வீட்டு அக்கா அதை ஓரமாகத் தள்ளிவிட்டார். 'எவமே என் எடத்தை எடுத்தது?' என்று அத்தை ஆரம்பித்தாள். லாரி வந்துவிட்டது, டியூப் தொங்குகிறது, இவர்கள் ஒரே குடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். டிரைவர் பார்த்தார். 'சண்டை முடிஞ்சா போன் பண்ணுங்க' என்று வண்டியை எடுத்துவிட்டார்! தெருவுக்கே அன்றைக்குத் தண்ணி இல்லை. அன்று மாலை தெருக்கோடிப் பாட்டி தீர்ப்பு சொன்னாள்: 'வெச்ச கொடம் வெச்சபடி இருக்கட்டும். புதுசா எவளும் வெக்காதீங்க.'

1959-ல் வாஷிங்டனில் 12 நாடுகள் அண்டார்டிகா ஒப்பந்தம் என்று கையெழுத்துப் போட்டதும் இதைத்தான். அதில் ஏழு நாடுகள் அண்டார்டிகாவில் இடம் பிடித்து வைத்திருந்தன. பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக, செருப்பும் செங்கல்லும்! பழைய உரிமையை ஒத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. புதிதாக யாரும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்த 1991 மாட்ரிட் உடன்படிக்கை அங்கே சுரங்கமே தோண்டாதே என்றது. 1983-ல் ஒப்பந்தத்துக்கு உள்ளே போனதால்தான் அந்த நாடுகள் கூடிப் பேசும் கூட்டத்தில் இந்தியாவின் பேச்சுக்கும் இடம். வெளியே நின்று ஐ.நா.வில் கேள்வி கேட்ட மலேசியாவே 2011-ல் சேர்ந்துகொண்டது.

மணி அடிக்கிறார்கள். ஒரே நிமிடம் ஐயா.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்தது. நம் ஆட்கள் படகில் நின்று பிளாஸ்டிக் மக்கால் அள்ளினார்கள், வெறும் கையால் அள்ளினார்கள். வலையெல்லாம் கருப்பு. கூழைக்கடா இறக்கையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு தவித்தது. பெங்குவினுக்காகத் தொடாதே என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட உலகத்தில் நாடுகள் இருக்கின்றன. எங்கள் கூழைக்கடாவுக்கு அப்படி யார் எழுதினார்கள்? கிடைத்த ஒரு தாளையும் ஆடம்பரம் என்கிறது எதிரணி. நடுவர் அவர்களே, இந்தக் கூட்டத்தில் எண்ணூர்க்காரர் யாராவது இருப்பார். அவரை எழுந்திருக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேளுங்கள், அப்புறம் தீர்ப்பு சொல்லுங்கள்.