கத்தரி பிடித்த கைகளுக்கும் பெயர் உண்டு

(திரைப்படச் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகித்து இம்மேடைக்குப் பெருமை சேர்க்கும் மூத்த ஒளிப்பதிவாளர் ஐயா அவர்களே, அன்பு மிகுந்த சொற்களால் என்னை வரவேற்ற பேராசிரியர் அம்மையார் அவர்களே, இவ்விழாவுக்காகப் பல நாள் உழைத்த செயலாளர், பொருளாளர் அவர்களே, அரங்கின் பின்புறம் திரையிடும் கருவியின் அருகே காத்து நிற்கும் நண்பரே, நாளைய திரையுலகை ஆளப்போகும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் தமது முன்னுரையில், திரைப்படம் என்பது இயக்குநர் ஒருவர் கண்ட கனவு என்று மிக அழகாகக் குறிப்பிட்டார்கள். அவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு இந்த அவைக்குத் தெரியும். அந்த மதிப்போடுதான் அதில் ஒரு சிறு திருத்தத்தை வேண்டுகிறேன். கனவைக் கண்டவர் இயக்குநராக இருக்கலாம். ஆனால் அந்தக் கனவை முன்பின் தெரியாத மனிதர்களும் இருளில் அமர்ந்து காணும்படி, எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று முடிவு செய்து, துண்டு துண்டாகக் கிடந்ததை ஒட்டிக் கொடுத்தவர் வேறொருவர்; அவரே படத்தொகுப்பாளர். அவர் பெயரை நாம் சொல்வதில்லை.

இன்று உங்கள் முன் மூன்று செய்திகளை வைக்க வந்திருக்கிறேன். முதலாவது, ஒரு காட்சித்துண்டை முடித்து அடுத்ததை ஒட்டும் வெட்டு என்பது எப்படிப் பிறந்தது; இரண்டாவது, அது எப்படி ஒரு மொழியாக வளர்ந்தது; மூன்றாவது, திரைக்கு ஒலி வந்தபின் அந்த மொழி என்ன ஆயிற்று. நான் பேசும் எந்த மேடையிலும் ஒரு பழமொழியைச் சொல்லாமல் இறங்கியதில்லை. இங்கும் அதையே சொல்லித் தொடங்குகிறேன்: நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். தெருநாயை அடிக்கக் கல் தேடியவன் கதையாக இதைச் சொல்வாரும் உண்டு; எனக்குப் பிடித்தது சிற்பத்தின் கதை. கல்லில் வடித்த நாயைப் பார்த்து, நாய் என்று அஞ்சி நிற்பவனுக்குக் கல் தெரிவதில்லை. படத்தொகுப்பின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கிறது. கதையைக் காண்பவனுக்கு வெட்டு தெரியாது; வெட்டு தெரிந்துவிட்டால் கதை கலைந்துவிடும்.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸில் கிராண்ட் கஃபே என்னும் உணவகத்தின் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படங்களைக் காட்டியபோது, ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 17 மீட்டர் நீளமுள்ள ஒரே சுருள். ஓடியது 50 நொடிகள் அளவுதான். படக்கருவியை ஓரிடத்தில் நிலையாக வைத்து, எதிரே நடப்பதைச் சுருள் தீரும்வரை பிடித்தார்கள். அங்கே வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. அந்த அரங்கில் அன்று அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் மாயவித்தைக்காரர். ஜார்ஜ் மெலியே என்பது அவர் பெயர். மேடையில் மனிதர்களை மறையச் செய்யும் வித்தைக்காகவே ஒரு நாடக அரங்கைச் சொந்தமாக வாங்கி நடத்திவந்தவர்.

அவர் தம் வாழ்வில் நடந்ததாக 1907ஆம் ஆண்டில் எழுதிய ஒரு செய்தியை உங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாரிஸின் ஓப்பரா சதுக்கம். குதிரைகள் இழுக்கும் பயணிகள் வண்டிகள், நடைபாதையில் தொப்பி அணிந்த ஆண்கள், நீண்ட பாவாடை புரள நடக்கும் பெண்கள். மெலியே தமது படக்கருவியை ஓரிடத்தில் வைத்துக் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். அந்நாளைய கருவிகள் முரட்டுக் கருவிகள். படச்சுருள் அடிக்கடி உள்ளே சிக்கிக்கொள்ளும், கிழியும். அன்றும் சிக்கிக்கொண்டது. சுருளை விடுவித்து மறுபடியும் ஓடச் செய்ய அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. தெரு அவருக்காகக் காத்திருக்குமா? வண்டிகள் போயின, வேறு வண்டிகள் வந்தன. ஆட்கள் போனார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து சுழற்றி முடித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

சுருளைக் கழுவித் திரையில் ஓட்டிப் பார்த்தபோது, மதலேனுக்கும் பஸ்தீய்க்கும் இடையே ஓடும் பயணிகள் வண்டி அவர் கண்ணெதிரே ஒரு நொடியில் பிணவண்டியாக மாறியது. நடந்துகொண்டிருந்த ஆண்கள் நடந்தபடியே பெண்களாக மாறினார்கள். இத்தனை காலம் மேடையில் கதவும் கண்ணாடியும் கறுப்புத் துணியும் கொண்டு அவர் செய்ய முயன்றதை, சிக்கிக்கொண்ட ஒரு சுருள் தானாகவே செய்து காட்டிவிட்டது. விடுபட்ட அந்த ஒரு நிமிடத்தைப் பார்ப்பவன் கண் உணரவே இல்லை. நாயைக் கண்டது கண், கல்லைக் காணவில்லை.

இந்நிகழ்ச்சிக்கு அவர் சொல்லே சாட்சி என்பதையும், நடிகரை நிற்கவைத்துக் கருவியை நிறுத்தி, அவர் இடத்தில் பொம்மையை வைத்துத் தலையை வெட்டிக் காட்டும் உத்தி 1895லேயே எடிசன் நிறுவனத்தின் சிறு படம் ஒன்றில் கையாளப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மெலியேயின் படங்களைப் பிற்காலத்தில் ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப்படமாக, ஆராய்ந்தவர்கள், அவருடைய மாயங்கள் கருவியை நிறுத்தியதால் மட்டும் விளையவில்லை என்று கண்டார்கள். நிறுத்திய இடத்தின் முன்னும் பின்னும் தேவையற்ற ஃபிரேம்களை வெட்டி எறிந்து, கை அசைவு சிறிதும் தடுமாறாதபடி பசையால் ஒட்டியிருக்கிறார்கள். மாயத்தைப் பாதி செய்தது கருவி. மீதியைச் செய்தது கத்தரி.

இங்கிலாந்தில் ராபர்ட் பால் 1898இல் கலைக் கண்காட்சி அரங்கிற்கு வெளியே ஒரு ஷாட், உள்ளே ஒரு ஷாட் என, ஒரே ஓட்டமாகப் பிடித்த இரண்டு காட்சித்துண்டுகளை இணைத்தார். அதில் இரண்டாம் பகுதி இன்று அழிந்துபோயிற்று, சில நிழற்படங்களே எஞ்சியிருக்கின்றன. பிரைட்டன் பகுதியில் பணியாற்றிய ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் 1900ஆம் ஆண்டில், பாட்டியின் பூதக்கண்ணாடியைச் சிறுவன் எடுத்துப் பார்ப்பதையும், அவன் பார்ப்பதாகிய கடிகாரம், பறவை, பாட்டியின் கண் ஆகியவற்றின் அண்மைக் காட்சிகளையும் மாற்றி மாற்றி வைத்தார். பார்ப்பவர், பார்க்கப்படுவது என்ற உறவு அன்றே திரையில் உருவாகிவிட்டது.

அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் எடுத்த, 1903இல் வெளிவந்த தீயணைப்பு வீரர் படத்தின் கதை நம் அனைவருக்கும் ஒரு பாடம். எரியும் வீட்டிலிருந்து தாயையும் குழந்தையையும் மீட்கும் காட்சி அதில் வருகிறது. பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த ஒரு பிரதியில், அறைக்குள் ஒரு துண்டு, வெளியே ஏணியில் ஒரு துண்டு என்று மீட்புக் காட்சி மாறி மாறிச் சென்றது. அதைக் கண்டவர்கள், குறுக்குவெட்டு 1903லேயே முழுமையாகப் பிறந்துவிட்டது என்று எழுதினார்கள். ஆனால் பதிப்புரிமைக்காகக் காகிதத்தில் அச்சிட்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்த பிரதியில், மீட்பு முழுவதும் முதலில் அறைக்குள்ளிருந்து ஒருமுறை காட்டப்படுகிறது. பிறகு அதே மீட்பு முதலிலிருந்து முடிவுவரை வெளியேயிருந்து மறுமுறை காட்டப்படுகிறது. அதுவே மூலம் என்று பின்னாளைய ஆய்வு நிறுவியது. மற்றதை எவரோ பிற்காலத்தில் வெட்டி மாற்றியிருக்கிறார்கள். அந்த எவரோ யார்? பெயர் இல்லை. வரலாற்றையே சில பத்தாண்டுகள் திசைமாற்றிய ஒரு கைக்குப் பெயர் இல்லை என்றால், அவையோரே, பெயரைப் பதிந்து வைப்பது வெறும் மரியாதைக்காக அல்ல, உண்மைக்காக என்பது விளங்கும்.

இதற்கு நேர்மாறாகத் தம் பெயரை ஓங்கிச் சொல்லிக்கொண்டவரும் உண்டு. அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் 1913 டிசம்பரில் நியூயார்க்கின் நாடக இதழ் ஒன்றில் விளம்பரம் கொடுத்து, அண்மைக் காட்சி, தொலைக் காட்சி, முன்னும் பின்னுமாய்ச் சென்று வரும் வெட்டு, மங்கி மறையும் முடிவு ஆகியவற்றைத் தாமே கொண்டுவந்ததாக அறிவித்தார். அவருடைய திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. 1909 முதல் அவர் கையில் குறுக்குவெட்டு நெஞ்சைப் பதறவைக்கும் கருவியாயிற்று. 1916இல் வெளிவந்த 'இன்டாலரன்ஸ்' படத்தில் பாபிலோன், இயேசுவின் காலம், 1572ஆம் ஆண்டின் பாரிஸ், அன்றைய அமெரிக்கா என நான்கு காலங்களை ஒன்றன் மீது ஒன்றாக ஓடவிட்டார். ஆனால் அண்மைக் காட்சி அவருடைய விளம்பரத்துக்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே பிரைட்டனில் இருந்தது. அந்த நான்கு காலங்களையும் மேசையில் வைத்து வெட்டி ஒட்டியவர்களில் ஜேம்ஸ் ஸ்மித், ரோஸ் ஸ்மித் என்று இருவர் இருந்தார்கள். இந்தப் பெயர்களை இந்த அரங்கில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அந்த மேசை எப்படி இருந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இவான் செரூரியே உருவாக்கிய மூவியோலா என்னும் தொகுப்புக் கருவி 1924இல்தான் படக்கூடங்களுக்கு வந்தது. அதற்கு முன் தொகுப்பவர் சுருளை விரல்களுக்கிடையே இழுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணால் பார்த்தே வெட்டினார். ஓர் அடி சுருளில் 16 ஃபிரேம்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. வெட்டிய ஓரத்தில் படப்பூச்சைச் சுரண்டி, பசை தடவி, அழுத்திப் பிடித்து ஒட்ட வேண்டும். அந்தச் சுருளோ எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள். அசைவு எந்த வேகத்தில் இருக்கும் என்பதைக் கை இழுக்கும் வேகத்தாலேயே உணர்ந்துகொண்டார்கள். பிறகு படக்கருவியில் பிடித்த மூலச் சுருளான நெகட்டிவை அதே இடங்களில் வெட்டிப் பொருத்த வேண்டும். ஓரத்தில் எண்கள் அச்சிடப்படாத காலத்தில், ஒன்றைப் போலவே இருக்கும் நூற்றுக்கணக்கான ஃபிரேம்களிடையே சரியானதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது எத்தகைய உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த உழைப்பைச் செய்தவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். தையலைப் போன்ற பொறுமையான கைவேலை என்று கருதி, குறைந்த கூலிக்கு இளம்பெண்களை அமர்த்தினார்கள். மார்கரெட் பூத் அவர்களில் ஒருவர். நடிகராக இருந்த அவருடைய அண்ணன் 1915இல் கார் விபத்தில் மாண்டபின், குடும்பத்துக்காகக் கிரிஃபித்தின் கூடத்தில் சுருள் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கற்ற தொழிலால் உயர்ந்து, எம்.ஜி.எம். நிறுவனத்தின் தொகுப்புப் பிரிவுக்கே பல்லாண்டுகள் தலைமை வகித்தார். அமெரிக்கத் திரைக்கழகம் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் வழங்கியது 1978இல். அவர் தொழிலுக்கு வந்து 63 ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தொகுப்புக்கென்று ஆஸ்கர் பிரிவு ஏற்பட்டதே 1934ஆம் ஆண்டின் படங்களுக்குத்தான். இத்தனை தாமதத்துக்குக் காரணம் எவருடைய தீய எண்ணமும் அன்று என்றே நான் நம்புகிறேன். நாயைக் கண்டோம், கல்லைக் காணவில்லை. ஆனால் கல்லைச் செதுக்கியவர் பசியோடு வேலை செய்தார் என்பதை அறிந்தபின்னும் நாம் காணாமலே இருப்பது முறையாகுமா?

இரண்டாவது செய்தியில் சோவியத் நாட்டைத் தொடாமல் போக முடியாது. புரட்சிக்குப் பின் அங்கே புதுச் சுருளுக்குப் பஞ்சம். படம் எடுக்கச் சுருள் இல்லாதவர்கள், இருக்கும் படங்களைப் பிரித்து மறுபடி கோத்துப் பயின்றார்கள். இயக்குநர் லெவ் குலெஷோவ், மொசுகின் என்னும் நடிகரின் அசையாத முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கும், ஒரு சவப்பெட்டிக்கும், விளையாடும் ஒரு சிறுமிக்கும் அடுத்தடுத்து வைத்தபோது, அவர் சிந்தனையில் ஆழ்ந்த மனநிலையையும் துயரையும் மகிழ்ச்சியையும் எத்தனை நுட்பமாக நடித்திருக்கிறார் என்று பார்த்தவர்கள் வியந்ததாகக் குலெஷோவின் மாணவர் புதோவ்கின் எழுதினார். மூன்று இடத்திலும் முகம் ஒன்றே. பொருள் ஷாட்டில் இல்லை, இரண்டு ஷாட்டுகள் சந்திக்கும் ஒட்டில் இருக்கிறது என்ற கொள்கை அங்கே பிறந்தது. 1925இல் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தின் ஒடெசாப் படிக்கட்டுக் காட்சியில் அதை எந்த உயரத்துக்குக் கொண்டு சென்றார் என்பதை முன்னிலை வகிக்கும் ஐயா அவர்களே பல மேடைகளில் விளக்கியிருக்கிறார்கள். அவர்கள் முன் நான் விளக்குவது அழகன்று.

ஒலியைப் பற்றிய மூன்றாவது செய்திக்குள் செல்வதைவிட, இன்னும் சில நிமிடங்களில் நாம் காணவிருக்கும் படத்தைப் பற்றிப் பேசுவதே கடமை என்று கருதுகிறேன். சோவியத் இயக்குநர் ஜீகா வெர்தோவின் 1929ஆம் ஆண்டுப் படம் 'திரைப்படக் கருவி ஏந்திய மனிதன்' திரையிடப்படவிருக்கிறது. அதன் முற்பகுதியில் பாய்ந்தோடும் ஒரு குதிரை நடுவழியில் அசையாமல் நிற்கும். குழந்தைகளின் முகங்கள் உறைந்து நிற்கும். பிறகு அதே முகங்கள் படச்சுருளில் சின்னஞ்சிறு கட்டங்களாகத் தெரியும். மேசையில் ஒரு பெண் அமர்ந்து சுருள்களைப் பார்த்து, வகைப்படுத்தி, வெட்டுவார். அடுத்து அந்தக் குழந்தைகள் உயிர்பெற்று அசைவார்கள். அந்தப் பெண் எலிசவேத்தா ஸ்விலோவா. சிறுமியாக இருந்தபோதே சுருள் வேலைக்கு வந்தவர், வெர்தோவின் மனைவி, 1954இல் கணவர் மறைந்தபின் அவருடைய எழுத்துகளையும் படங்களையும் பாதுகாத்து உலகுக்குத் தந்தவர். தொகுப்பையே கருப்பொருளாகக் கொண்ட அந்தப் படத்தின் தொடக்க எழுத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம், தொகுப்பு உதவியாளர்.

எனவே இந்தச் சங்கத்தின் செயற்குழுவிடம் நான் ஒன்றை மட்டும் வேண்டுகிறேன். இனி இங்கே திரையிடும் ஒவ்வொரு படத்துக்கும், அழைப்பிதழிலும் அறிவிப்பிலும் இயக்குநர் பெயருக்கு அடுத்த வரியிலேயே, அதே அளவு எழுத்தில், படத்தொகுப்பாளர் பெயரையும் அச்சிட வேண்டும். பெயர் தெரியாத பழம்படமானால், தொகுத்தவர் பெயர் அறியப்படவில்லை என்றே அச்சிட வேண்டும். அந்த வெற்றிடம் கண்ணில் பட்டால்தான் எவரேனும் தேடத் தொடங்குவார்கள். இன்றைய அழைப்பிதழில் வெர்தோவின் பெயர் மட்டும் இருக்கிறது. செயலாளர் அவர்கள் விளக்குகளை அணைக்குமுன் ஸ்விலோவாவின் பெயரையும் ஒருமுறை வாசித்துவிட்டுப் படத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.