பாறணை இல்லாத பட்டினி

[காட்சி: போர்டிங் அறை. மேசையில பிரிக்காத சோத்துப் பார்சல்.]

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில, கம்பஸுக்குக் கிட்ட ஒரு போர்டிங். அங்க இருக்கிற ஒரு பிள்ளை மத்தியானம் வாங்கின பார்சல் பின்னேரமாகியும் பிரிக்காமலே கிடக்கு. கேட்டால் "விரதம்". போன கிழமை "காஸ்ரிக்". அதுக்கு முதல் "எக்ஸாம் ரென்ஷன்". எங்கட ஊரில சாப்பிடாமல் இருக்கிறதுக்குச் சாட்டுத் தேடி அலையத் தேவையில்லை. கந்தசஷ்டிக்கு 6 நாளும் இருந்தால் பிள்ளையைப் புழுகவும் செய்வினம்.

விரதத்தை நான் குறை சொல்லேல்லை. அது பாறணையோட முடியும். இவளின்ர பட்டினி முடியாது.

[காட்சி: இருட்டு அறை, ஃபோன் வெளிச்சம்.]

இரவிரவா அவள் பாக்கிறது சமையல் வீடியோ. றூம்மேற்றுக்குச் சிரிப்பு. ஆனால் இது பகிடி இல்லை. 1944, 45இல அமெரிக்காவின்ர மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில, சுகதேகியான 36 இளைஞரை 24 கிழமை அரைவயிறாக வைச்சுப் பாத்தவை. உடம்பு மெலிஞ்சது பெரிய விஷயமில்லை. சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கிச்சினம், கோப்பையை நக்கிச்சினம், சினேகிதரோட கதைக்கிறதை விட்டிச்சினம். பசி மூளைக்குள்ள குடியேறிட்டுது. பிறகு தாராளமாச் சாப்பாடு கிடைச்சபோது, சிலரால நிப்பாட்டவே ஏலேல்லை.

கனபேருக்கு விளங்காத இடம் இதுதான். ஒரு நாள் நடுச்சாமத்தில அவள் பாணையும் பிஸ்கற்றையும் கண்மண் தெரியாமல் சாப்பிடுறது வாயைக் கட்டத் தெரியாமல் இல்லை, பட்டினி கிடந்ததால. பிறகு வெக்கம், தானே வரவழைக்கிற வாந்தி, திரும்பவும் பட்டினி. இந்தச் சுழலுக்குப் பேர் புலிமியா. ஆள் எலும்பாத் தெரியவேணுமெண்டில்லை, பாக்கச் சாதாரணமா இருப்பாள். உள்ளுக்குள்ள பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பே குழம்பலாம். பெடியளையும் இது விடாது; அங்க ஜிம், புரோட்டீன் மா எண்டு வேற உடுப்புப் போட்டு வரும்.

[காட்சி: நல்லூர்த் திருவிழா, வெளிவீதி.]

இதுக்குள்ள, மூண்டு மாசத்துக்குப் பிறகு காணுற மாமி கேக்கிற முதற்கேள்வி: "என்ன பிள்ளை, கொழுத்திட்டாய்?" அடுத்தமுறை: "நல்லா மெலிஞ்சிட்டாய், வடிவா இருக்கிறாய்!" முதலாவதை விட ரெண்டாவதுதான் எனக்குப் பயம்.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, அடிக்கடி வாந்தி எண்டால் அண்டைக்கே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்க மனநலப் பிரிவும் இருக்கு. கதைக்க மட்டும் ஆள் வேணுமெண்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கோ.

[காட்சி: அதே அறை.]

றூம்மேற் தன்ர பார்சலைக் கொண்டுவந்து கட்டில் நுனியில இருந்து பிரிக்கிறாள். மற்றப் பார்சலைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. "நாளைக்கு லெக்சர் எத்தினைக்கடி?"