இரண்டாம் ருடால்ஃபின் அரும்பொருள் அறைகள்

நண்பர்களே,

புனித ரோமானியப் பேரரசராக இருந்த இரண்டாம் ருடால்ஃப் என்றால் பலர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: பித்துப்பிடித்த பேரரசர். நாட்டைக் கவனிக்காமல் கோட்டைக்குள் அடைந்து கிடந்தார், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தார் என்பார்கள். முதல் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. 1611-இல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) முடியையே தம்பி மத்தியாஸிடம் பறிகொடுத்தார். இரண்டாவதை நான் ஏற்க மாட்டேன்.

1583-இல் அவர் அரசவையைப் பொஹீமியாவின் தலைநகரான பிராகுக்கு மாற்றினார். அங்கே கோட்டையில் ஓவியங்களுக்குத் தனிக் கூடம், அரும்பொருள்களுக்குத் தனி அறைகள். பேரரசர் மனசு வைத்தால்தான் வெளியார் உள்ளே போக முடியும். உள்ளே இருந்தவற்றை டேனியல் ஃப்ரோஷ்ல் என்ற ஓவியர் 1607 முதல் 1611 வரை பட்டியல் போட்டார். அந்தப் பட்டியல் ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். அதைப் புரட்டினால் 'குவியல்' என்ற பேச்சு எடுபடாது. இயற்கைப் பொருள்கள், கைவேலைப்பாடுகள், அறிவியல் கருவிகள் என்று வகை பிரித்து எழுதியிருக்கிறார்.

ஒரே ஒரு பொருளைச் சொல்கிறேன். கடல் தேங்காயில் செய்த ஒரு கூஜா. அந்தக் காய் செஷல்ஸ் தீவுகளில் காய்ப்பது. அன்றைக்கு அந்த மரத்தை ஐரோப்பாவில் யாரும் பார்த்ததில்லை. காய் கடலில் மிதந்து வரும், அதனால் கடலுக்கு அடியில் விளைகிறது என்று நம்பினார்கள், விஷமுறிவு என்றும் நம்பினார்கள். கடல்தெய்வங்கள் செதுக்கப்பட்ட பாதிக் காயின் ஓட்டுக்கு, ஆன்டன் ஷ்வைன்பெர்கர் என்ற பொற்கொல்லர் பொன்முலாம் பூசிய வெள்ளி வேலை செய்தார். உச்சியில் கடல்குதிரைமேல் ரோமானியக் கடல்தெய்வம் நெப்டியூன். மரத்தின் விளைச்சல் எங்கே முடிகிறது, கொல்லரின் கை எங்கே தொடங்குகிறது? கலையும் அறிவியலும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த காலம் அது. எனக்கு அதன்மேல் பெரிய ஏக்கம் உண்டு.

பொருளோடு ஆட்களையும் சேர்த்தார். கல்லில் கிண்ணம் கடையும் மிசெரோனி குடும்பத்தார், கடிகாரம் செய்த யோஸ்ட் பியூர்கி, வானத்தை அளந்த டைகோ பிராஹி, அப்புறம் கெப்ளர். செவ்வாய் நீள்வட்டத்தில் சுற்றுகிறது என்று கெப்ளர் 1609-இல் வெளியிட்டது அந்த அரசவையில் இருந்தபோதுதான். அந்த மனிதருக்கு ஒழுங்காகச் சம்பளம் போகவில்லை! அபூர்வப் பொருளுக்கு அள்ளிக் கொடுத்தவர், கணித வல்லுநருக்குப் பாக்கி வைத்தார். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1612-இல் ருடால்ஃப் இறந்தார். நல்ல பொருள்கள் பல வியன்னா போயின. அந்தக் கூஜாவை இன்றும் அங்கே பார்க்கலாம். மிச்சத்தில் பெரும்பகுதியை 1648-இல் ஸ்வீடன் படை வாரிக்கொண்டு போனது. பழமும் காய்கறியுமாக ருடால்ஃபின் முகத்தை ஓவியர் அர்ச்சிம்போல்டோ தீட்டிய படம் ஸ்வீடனில் ஒரு கோட்டையில் இருக்கிறது. 1606-இல் வெனிஸிலிருந்து வாங்கி, ஆட்கள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிச் சுமந்து வந்ததாகச் சொல்லப்படும் ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் 'ஜெபமாலை விழா' ஓவியம் பிராகிலேயே தங்கிவிட்டது. ஆனால் சிதைந்துபோய், அதன் பெரும்பகுதி பிற்காலத்தில் வேறு கைகள் தீட்டியது.