அக்பரின் அக்கசாலையில் ஓர் ஓவியர்

நேயர்களுக்கு வணக்கம்.

1577-ஆம் ஆண்டின் கடைசியில் பேரரசர் அக்பர் தம்முடைய அக்கசாலைகளை, அதாவது நாணயம் அடிக்கும் சாலைகளை, ஒரேயடியாக மாற்றியமைத்தார். அதுவரை சௌத்ரிகள் என்ற சிறிய அலுவலர்கள் பார்த்துவந்த வேலையைப் பெரிய பதவியில் இருந்தவர்களிடம் ஒப்படைத்தார். வங்காளத்து அக்கசாலை ராஜா தோடர்மாலுக்குப் போனது. வரி, கணக்கு என்றால் அந்தக் காலத்தில் அவர்தான், அதில் வியப்பில்லை. ஆனால் தலைநகரமாக இருந்த ஃபதேபூர் சிக்ரியின் அக்கசாலை ஓர் ஓவியரிடம் போனது. அவர் பெயர் குவாஜா அப்துஸ் சமத்.

தங்கமும் வெள்ளியும் புழங்கும் இடத்தை எதற்காக ஒரு ஓவியரிடம் கொடுக்கவேண்டும்? அதற்கான காரணம் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அவர் ஈரானில் ஷிராஸ் ஊர்க்காரர். ஷேர் ஷாவிடம் நாட்டை இழந்த அக்பரின் தந்தை ஹுமாயூன் 1544-இல் ஈரானில் தஞ்சம் புகுந்தபோது, ஈரான் மன்னர் ஷா தஹ்மாஸ்பின் அரசவை ஓவியங்களைப் பார்த்து மயங்கிப்போனார். தமக்கென்று சொந்த நாடு இல்லாத அந்த நிலையிலும் ஓவியர்களைத் தம்மிடம் வரும்படி அழைத்தார். 1549-இல் அப்துஸ் சமத், மீர் சையித் அலி இருவரும் காபூலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஹுமாயூனும் சிறுவன் அக்பரும் அப்துஸ் சமதிடம் ஓவியம் கற்றார்கள். ‘ஷிரீன் கலம்’, இனிய எழுதுகோல், என்பது அவருக்குக் கிடைத்த பட்டம்.

நுண்ணோவியத்தில் அவர் கைத்திறன் எப்படிப்பட்டது என்பதற்கு, ஹுமாயூன் காஷ்கர் அரசருக்கு எழுதிய கடிதம் ஒன்றே போதும். ஒரு அரிசி மணியின் மேல் அப்துஸ் சமத் போலோ ஆட்டத்தையே வரைந்தாராம்.  ஒரு முழு ஆட்டமும் ஒரே அரிசியில்!

அந்த அரிசி இன்று இல்லை. ஆனால் தெஹ்ரானில் கோலஸ்தான் அரண்மனைத் தொகுப்பில் அவருடைய ஓவியம் ஒன்று இருக்கிறது. மரத்தையொட்டிக் கட்டிய மண்டபத்தில் ஹுமாயூன் உட்கார்ந்திருக்க, சிறுவன் அக்பர் ஒரு ஓவியத்தைத் தந்தைக்குக் கொடுக்கிறார். அந்தச் சின்னஞ்சிறு தாளுக்குள்ளும் இதே மரம், இதே மண்டபம், இதே காட்சி! மாணவனுக்கு ஆசிரியர் இதைவிட அழகாகப் பெருமை சேர்க்க முடியாது என்பேன்.

கைத்திறன் சரி, நிர்வாகம்? அதற்கு ஹம்சா என்ற வீரரின் கதைகளைச் சொல்லும் ஓவிய நூலான ஹம்சாநாமாவைப் பார்க்கவேண்டும். அக்பர் இளம் வயதில் தொடங்கிய பெரும் பணி அது. பதினான்கு தொகுதிகள், தொகுதிக்கு நூறு என்ற கணக்கில் சுமார் 1,400 ஓவியங்கள், எல்லாம் துணியில். ஒவ்வொன்றும் இரண்டு அடிக்கு மேல் உயரம். முதலில் மீர் சையித் அலி பொறுப்பில் இருந்தார். ஏழு ஆண்டுகள் ஓடியும் நான்கு தொகுதிகள்தான் முடிந்தன. பிறகு அவர் ஹஜ் பயணம் கேட்டுப் போனார், பொறுப்பு அப்துஸ் சமதிடம் வந்தது. அவர் வேலையை முடுக்கினார், செலவையும் குறைத்தார் என்று அக்காலத்து எழுத்தாளரே பதிவு செய்திருக்கிறார். இன்று மிஞ்சியவை இருநூறுக்கும் குறைவு. வியன்னாவிலும் லண்டனிலும் பெரும்பகுதி இருக்கிறது.

அவர் ஆள் வளர்த்த விதத்தையும் சொல்லவேண்டும். பல்லக்குத் தூக்குபவரின் மகன் தஸ்வந்த், சுவரில் படம் கிறுக்கிக்கொண்டிருந்த பையன். அவனைக் கண்டெடுத்தவர் அக்பர், கற்றுக்கொடுத்தவர் அப்துஸ் சமத். தஸ்வந்த் அந்தத் தலைமுறையின் முதல் வரிசை ஓவியராக வளர்ந்தார். மனம் நோயுற்றுத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டது பெரும் துயரம்.

இப்போது 1577-க்குத் திரும்புவோம். ஓவியக்கூடத்தில் அரைத்த பொன்னும் விலையுயர்ந்த நீலக்கல்லும் பல கைகளில் புழங்கும். எத்தனையோ பேரிடம் பொருளைக் கொடுத்து, வேலை வாங்கி, கணக்குப் பார்த்து, செலவையும் குறைத்துக் காட்டிய மனிதர் அவர். அக்பர் அவரைச் சிறுவயது முதல் அறிந்தவர். அந்த நம்பிக்கைதான் இந்த நியமனத்துக்கு முதல் காரணம், கைத்திறன் அதற்கு அடுத்தது என்பது என் கருத்து.

அக்கசாலை வேலை எப்படி நடந்தது என்பதை அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் ‘ஆயின்-இ-அக்பரி’யில் விரிவாக எழுதியிருக்கிறார். தங்கத்தைத் தகடாக அடித்து, உப்பும் செங்கல் தூளும் கலந்த கலவையை இடையிடையே வைத்து அடுக்கி, வரட்டி மூட்டிப் புடம் போடுவார்கள். கலந்திருந்த வெள்ளி அந்தக் கலவையோடு போய்விடும். மாற்றை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார்கள். வெட்டிய வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து, இன்னொரு ஆள் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார். அச்சை உருக்கில் வெட்டுபவர் தனி, அவர் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். வெள்ளி ரூபாயின் எடை ஏறத்தாழ பதினொன்றரை கிராம். அந்தச் சிறு வட்டத்தில் அரசர் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் நெரிசலின்றி அமையவேண்டும். அக்பரின் சதுர ரூபாய்கள் பரவலாக வருவதும் இந்தச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான். மூலைகளிலும் எழுத்துக்கு இடம் கிடைத்த அந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

அப்புறம் 1586 வாக்கில் அவர் முல்தானின் திவானாக, அதாவது வருவாய் அதிகாரியாக, அனுப்பப்பட்டார். அவருடைய மன்சப், அதாவது அரசுப் பதவியின் படிநிலை எண், வெறும் நானூறுதான், ஆனால் அரசவையில் செல்வாக்கு அதைவிடப் பல மடங்கு. எண்பத்தைந்து வயதில், கை தளர்ந்து கண் மங்கிய பிறகு, புகழ்பெற்ற பாரசீக ஓவியர் பிஹ்சாதின் பழைய ஓவியமொன்றை நினைவிலிருந்தே வரைந்தார். சண்டையிடும் இரண்டு ஒட்டகங்கள். மகன் ஷரீஃப்கானுக்கு நினைவுப்பொருளாக வரைந்ததாக அதிலேயே எழுதியும் வைத்தார்.

அந்த மகன் ஜஹாங்கீரின் இளமைத் தோழர். 1605-இல் ஜஹாங்கீர் அரியணை ஏறியதும் அமீருல் உமரா என்ற உயர் பட்டம் பெற்றார். அதே ஜஹாங்கீர் சில ஆண்டுகளில் தம் உருவத்தை மொஹர் என்ற தங்க நாணயத்தில் பொறித்தார். 1618 முதல் மேஷம், ரிஷபம் என்று பன்னிரு ராசிகளின் படங்களையும் நாணயத்தில் கொண்டுவந்தார். முகலாய நாணயம் பெரும்பாலும் எழுத்தாலேயே ஆனது. அதில் ஓவியம் இவ்வளவு தாராளமாக இடம் பிடித்தது அப்துஸ் சமதின் மாணவருடைய மகன் காலத்தில்தான்.

நன்றி, வணக்கம்.