மாட்டுக்கு எவ்வளவு பொங்கல் வைக்கலாம்?

வணக்கம் நேயர்களே. மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு கால்நடை மருத்துவர்களுக்கு போன் ஓயாது. "மாடு அசை போடலைங்க, வயிறு உப்பிக் கிடக்கு, புளிச்ச வாடையோட கழியுது" என்பார்கள். என்ன வைத்தீர்கள் என்று கேட்டால், கொஞ்சம் தயங்கிவிட்டு, "பொங்கல்தான்" என்பார்கள். ஒரு பானை!

நாம் தின்னும் சோற்றின் மாவுச்சத்தை எச்சிலும் கணையநீரும் சர்க்கரையாக்க, சிறுகுடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. மாடு தின்றதோ முதலில் அதன் இரைப்பையின் பெரிய அறையான பெருவயிற்றுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் இவற்றிலிருந்துதான் வருகிறது. உடம்புக்குத் தேவையான குளுக்கோஸைக்கூடப் பெரும்பாலும் புரோப்பியானிக் அமிலத்தை வைத்துக் கல்லீரல் செய்துகொள்கிறது.

வைக்கோல் மெதுவாகப் புளிக்கும். அசை போடும்போது ஊறும் எச்சில், பெரிய கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேலும் போகும், அந்த அமிலத்தைத் தணித்துவிடும். வெந்த அரிசியும் வெல்லமும் மளமளவென்று புளித்து லாக்டிக் அமிலத்தைக் குவிக்கும். 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கவேண்டிய பி.எச். (அமிலம் கூடக் கூட இறங்கும் அளவு) 5-க்குக் கீழேகூட இறங்கிவிடும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகும், உடம்பிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுபடும், மாடு படுத்துவிடும். செத்துப்போவதும் உண்டு.

சொசைட்டியில் பாலுக்கு ஃபேட் வரவில்லை என்று புலம்புகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். பால் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள் அசிட்டிக் அமிலம். அது நார்த்தீவனத்தில்தான் அதிகம் கிடைக்கும். வைக்கோலைக் குறைத்து தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தை அள்ளி வைத்தால் ஃபேட் இறங்கத்தான் செய்யும்.

சரி, நமக்கு? நாரை உடைக்கும் நொதி மாட்டின் உடம்பிலும் இல்லை, நம் உடம்பிலும் இல்லை. இரண்டு பேருக்கும் நுண்ணுயிர்தான் கதி. நமக்கு அவை பெருங்குடலில், எல்லாம் செரித்து முடிந்த பிறகு மிஞ்சியதை வைத்துப் பிழைக்கின்றன. கீரையிலும் பயறிலும் உள்ள நாரிலிருந்து அவை செய்யும் பியூட்ரிக் அமிலம் பெருங்குடல் செல்களுக்கே உணவு. ஆறவைத்த சோற்றில் கொஞ்சம் மாவுச்சத்து இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் அதே இடத்துக்குப் போய்ச் சேரும். பழைய சோற்றுக்காரர்கள் சந்தோஷப்படலாம்.

பண்டிகைக்கு மாட்டுக்கு ஒரு பிடி ஊட்டுங்கள், போதும். தீவனத்தை மாற்றுவதானால் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மாடு அதிகமாகத் தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அமிலத்தைத் தணிக்க சமையல் சோடா கொடுப்பதாக இருந்தாலும் அளவை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.