ராயக்கோட்டை மலையும் கல்லச்சுப் படங்களும்

அனைவருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரிக்கு வந்து கல்லைப் பற்றிப் பேசத் துணிச்சல் வேண்டும். குவாரி, பாலீஷ் பட்டறை என்று கல்லோடு பிழைக்கிற ஊர் இது. நான் பேச வந்தது வேறு கல். ஜெர்மனியில், பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பக்கம் வெட்டியெடுக்கிற சுண்ணாம்புக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலும் ஓடையும் வண்டிப்பாதையுமாக எத்தனையோ கிராமத்துக் காட்சிகளை அந்தக் கல்லில் வரைந்துதான் அச்சடித்தார்கள். அவற்றின் பழைய மறுபதிப்புகளை நான் இருபது வருடமாகச் சேர்த்து வருகிறேன்.

செனஃபெல்டர் என்று ஒரு நாடக எழுத்தாளர். 1796இல் அவருடைய அம்மா, வெளுக்கப் போடும் துணிக்குக் கணக்கு எழுதச் சொன்னார். கையில் தாள் இல்லை. பக்கத்தில் கிடந்த கல்லில் மெழுகு கலந்த மையால் எழுதினார். இதை அவரே பதிவு செய்திருக்கிறார். கல்லச்சுக்கு அடி போட்டது அந்தத் துணிக்கணக்குதான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் இதன் சூட்சுமம். எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் படத்தை இடவலம் மாற்றி வரைந்து, வேலம்பிசினும் கொஞ்சம் அமிலமும் பூசி, கல்லை நனைத்து மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஈரம் குடித்த இடம் மையைத் தள்ளிவிடும். நம் கருங்கல் இதற்கு ஆகாது, அது தண்ணீரைக் குடிக்காது.

அசலையே வாங்கலாமே என்று கேட்கிறார்கள். அச்சு முடிந்ததும் கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்த படத்தை வரைந்துவிடுவார்கள். மறுபடி அதே கல்லில் அடிக்க முடியாது. அதனால் அசல் குறைவு, விலையும் நமக்கு எட்டாது. பின்னால் வந்தவை பெரும்பாலும் அசலைப் படம் பிடித்து அச்சிட்டவை. நியூயார்க்கில் கரியர் அண்ட் ஐவ்ஸ் என்ற கம்பெனி 7,000க்கும் மேற்பட்ட படங்களைப் போட்டது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு வண்ணமாகக் கையால் தீட்டினார்கள். 1907இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்தப் படங்கள் அப்புறம் காலண்டராக வீடு வீடாகப் போயின. பெங்களூர் அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடையொன்றில் நான் முதலில் வாங்கியதும் அப்படி ஒரு காலண்டர் தாள்தான். பனி மூடிய பண்ணை வீடு, ஓரத்தில் வைக்கோல்போர். நான் பனியைக் கண்டவனில்லை, அந்த வைக்கோல்போர் என்னை நிறுத்திவிட்டது.

அசலா மறுபதிப்பா என்று பார்க்க ஒரு லென்ஸ் போதும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது கிடைத்தால் நல்லது. படத்திலுள்ள வானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் கோலப்புள்ளி போல வரிசை பிசகாமல் நின்றால் அது மறுபதிப்பு. கல்லச்சில் புள்ளிகள் ரவையைக் கொட்டியதுபோல ஒழுங்கில்லாமல் கிடக்கும். கையால் தீட்டிய பச்சை, மரத்தின் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும்.

மறுபதிப்பு போலி இல்லை. அசல் என்று சொல்லி விற்றால்தான் அது மோசடி. நான் ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கே, எப்போது வாங்கியது, மறுபதிப்பு என்று மென்மையான பென்சிலால் எழுதிவிடுவேன். பேனா வேண்டாம், மை ஊறும். படத்துக்குச் சட்டம் போடும்போதும் கவனம் வேண்டும். ஒரு கடையில் என் படத்துக்குப் பின்னால் வெறும் பிளைவுட் வைத்து ஆணியடித்துவிட்டார்கள். சில வருடத்தில் மரத்தின் அமிலம் தாளில் இறங்கி, பழுப்புப் பட்டை வானத்தின் குறுக்கே ஓடிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அதே வருடம் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் இந்த வழியாக வந்தார்கள். ராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜெகதேவி, ஓசூர் எல்லாவற்றையும் வரைந்தார்கள். 1795இலிருந்து 1808 வரை லண்டனில் வெளிவந்த அவர்களுடைய 144 படங்களில் இவையும் உண்டு. இவை கல்லச்சு இல்லை. செப்புத் தகட்டில் பிசின் பொடி தூவி, அமிலத்தில் அரித்து எடுத்தவை. இரண்டையும் குழப்பி விற்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ராயக்கோட்டைப் படத்தின் மறுபதிப்பை ஒரு நாள் மலையடிவாரத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, தாளை மலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நகர்ந்து பார்த்தேன். டீக்கடைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "நம்ம மலைதானே சார்" என்றார். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார்.

அந்தப் படமும் காலண்டர் தாளும் மேடைக்குக் கீழே மேசையில் இருக்கின்றன. லென்ஸும் வைத்திருக்கிறேன். வரிசையாக வந்து பாருங்கள், கை ஈரமாக இருந்தால் துடைத்துக்கொண்டு வாருங்கள்.