பாகம் எண் தெரியுமா?

நேயர்களுக்கு வணக்கம். வியாசர்பாடியில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். எனக்கு அரசியல் பேச வராது, ஓட்டர் லிஸ்ட் படிக்க வரும். அதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. ஒரு தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கே குளித்து, நல்ல புடவை கட்டி, அட்டையோடு வரிசையில் நின்றார். உள்ளே போனால் பட்டியலில் பெயர் இல்லை. "அட்டை இருக்கே தம்பி" என்று எவ்வளவோ கேட்டார். அட்டை ஆளை அடையாளம் காட்டத்தான். ஓட்டு விழ, பட்டியலில் பெயர் வேண்டும். பாட்டி செய்தது ஒன்றுதான்: பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறியது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்கக்கூடாது என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அன்றைக்கு அவருக்காக யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அப்புறம்தான் நாங்கள் ஐந்தாறு பெண்கள் சேர்ந்தோம். வரைவுப் பட்டியல், அதாவது இறுதியாவதற்கு முன் திருத்தம் சொல்ல வெளியிடும் பட்டியல், வந்ததும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீடு வீடாகச் சரிபார்ப்போம். சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வீட்டில் மருமகளைவிட மாமியார் நான்கு வயது இளையவர்! போய்ச் சேர்ந்தவர்கள் பட்டியலில் இருப்பார்கள், உயிரோடு இருப்பவரைக் காணோம்.

புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறினாலும் திருத்தம் என்றாலும் படிவம் 8. பெயரை நீக்கச் சொல்லும் படிவம் 7-இல்தான் கவனம் தேவை. குடிமாறிவிட்டார் என்று ஒருவரை நீக்குவதற்கு முன்னால், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவேண்டும். தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு. இதைச் சொன்னதும் பேனாவை மூடிவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வாக்குச்சாவடியின் பட்டியலைக் கவனிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியரோ ஆசிரியரோதான். சொந்த வேலைக்கு மேல் இதையும் சுமக்கிறார்.

கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடியமர்த்தப்பட்டவர்கள் கதை வேறு. வீடு மாறிவிட்டது, சிலருக்கு ஓட்டு மட்டும் பழைய இடத்திலேயே. இப்போது அவர்கள் இருப்பது சோழிங்கநல்லூர் தொகுதி, மாநகராட்சிக்கு வெளியே. ஊராட்சி என்பதால் கிராம சபை உண்டு. நகரத்துக்குள் இருக்கும் நமக்கு?

நமக்கும் சட்டம் இருக்கிறது. வார்டு கமிட்டியும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபையும் அமைக்க 2010-லேயே சட்டமன்றம் சட்டம் போட்டது. விதிகள் வந்தது 2022-இல்! பன்னிரண்டு வருடம் சட்டம் தூங்கியது. நடுவில் 2016 முதல் 2022 வரை சென்னையின் 200 வார்டுக்கும் கவுன்சிலரே கிடையாது. இந்தச் சபைகளை அமைக்கச் சொல்லிப் பல ஊர்களில் மக்கள் மனு மேல் மனு போட்டுக் கேட்டார்கள். சட்டம் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற நம் ஆட்கள் மீதுதான் எனக்கு வருத்தம்.

சரி, பாட்டிக்கு வருவோம். படிவம் கொடுத்தார், பெயர் வந்தது. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் பட்டியலில் தன் பெயர் உள்ள பாகம் எண்ணும் அதில் வரிசை எண்ணும் சொல்வார். அடுத்த வரைவுப் பட்டியலுக்கு அவரும் திண்ணைக்கு வருகிறார், மூக்குக்கண்ணாடியோடும் பேரனுடைய ஸ்கேலோடும். வரி மாறாமல் படிக்க ஸ்கேல் வேண்டுமாம்.